உயிரோடு இருப்பவருக்குப் படம் கிடையாது

வேலாயுதம் செய்த ஒரே தப்பு, உயிரோடு இருப்பது. அவர் காலமாகியிருந்தால் நான் விமானம் ஏறியிருக்க வேண்டியதில்லை.

விளக்கிவிடுகிறேன். நான் மலேசியாவில், கிள்ளானில் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள். பகலெல்லாம் ஊராரின் கடைவாய்ப் பல்லுக்கு நேரம் குறித்துக் கொடுப்பேன். வீட்டுக்கு வந்ததும், எல்லாரும் சேர்ந்து எழுதும் இணையக் கலைக்களஞ்சியத்தில் கபடி ஆட்டக்காரர்களைப் பற்றிக் கட்டுரை எழுதுவேன். சம்பளம் கிடையாது, நன்றியும் கிடையாது. திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

வேலாயுதம் நன்னிலம் பக்கத்துக் கிராமத்துக்காரர், மாநில அணிக்கு ஆடியவர். ஏதோ ஒரு கபடிக் கழகத்தின் பழைய மலரில் அவருடைய படம் ஒன்று இருந்தது. ஒரே புழுதி, புழுதிக்கு நடுவில் நீளமாகப் பாயும் ஓர் உடம்பு. அதை ‘நியாயப் பயன்பாடு’ என்று குறிப்பிட்டுக் கட்டுரையில் ஏற்றினேன். இது அடுத்தவர் சொத்துதான், வேறு வழியில்லாததால் படிப்பவர்களுக்காக ஒரு மூலையில் வைத்துக்கொள்கிறோம் என்று அதற்கு அர்த்தம்.

மறுநாளே படம் காணாமல் போயிற்று. நீக்கியவர் ஒரு சக தொகுப்பாளர். நிஜப் பெயர் தெரியாது. விதி என்றால் அவ்வளவு கறாராக நிற்பதால் அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் கறார். “இவர் உயிருடன் இருக்கிறார். உயிருடன் இருப்பவரை யாரும் போய்ப் படமெடுத்துக் கட்டற்ற உரிமத்தில் தரலாம். ஆகவே உரிமையுள்ள படத்துக்கு இங்கே இடமில்லை” என்று காரணம் எழுதியிருந்தார். செத்தவராக இருந்தால் விட்டிருப்பாராம். போகிற போக்கில், வேலாயுதம் ஒரு பொங்கல் ஆட்டத்தில் வென்றார் என்று நான் எழுதிய வரிக்குப் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்றும் செருகிவிட்டுப் போனார்.

யாரும் போய் எடுக்கலாம் என்றால் நானே போய் எடுக்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். வீட்டில் பெரிய கோயில் பார்க்கப் போவதாகச் சொன்னேன். ஒரு போட்டோவுக்காக இவ்வளவு தூரமா என்று கேட்பார்கள். அதனால்தான் கோயில்.

தஞ்சாவூரில் முதல் காலை பசியாறப் போனேன். எங்கள் நாட்டில் காலைச் சாப்பாட்டுக்கு அதுதான் சொல். “பசியாற என்ன இருக்கு?” என்று கேட்டதும் சப்ளையர் என்னை மிகுந்த இரக்கத்தோடு பார்த்து, கேட்காமலேயே பொங்கலை இரண்டு கரண்டி கூட வைத்தார். கிள்ளானில் ரொட்டி சானாய்க்கு, அதாவது எங்கள் ஊர்ப் பரோட்டாவுக்கு, குழம்பு கேட்டால் மருந்து போல ஊற்றுவார்கள். இங்கே சாம்பார் வாளி ஆளைத் துரத்துகிறது. இலையை மூடிய பிறகும் ஒருவர் வாளியோடு நின்று யோசித்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் சொன்ன பொய்யை உண்மையாக்க ஒரு மணி நேரம் பெரிய கோயிலில் சுற்றினேன். பிறகு நன்னிலம் பஸ். தை மாத அறுவடை நேரம். பஸ்ஸுக்கு முன்னால் ஓர் அறுவடை மெஷின் சாலை முழுவதையும் அடைத்துக்கொண்டு மாப்பிள்ளை அழைப்பு போல நகர்ந்தது. “அது வயல்ல எறங்குற வரைக்கும் நாமளும் ஊர்வலந்தான்” என்றார் கண்டக்டர். அது இறங்கியதும் சாலையின் பாதி அகலத்துக்கு யாரோ நெல் காயப் போட்டிருந்தார்கள். நெல்லின் ஓரத்தில் டயர் ஏறியதும், கிளறிக்கொண்டிருந்த பெண் பஸ்ஸை வழிமறித்துக்கொண்டார்.

“கண்ணு தெரியலையா?”

“பறந்தா போவ முடியும், அக்கா?” என்றார் டிரைவர்.

“பறந்துதான் போயேன். யாரு வேணாங்குறா?”

எங்கள் ஊரில் டோல் கட்டிவிட்டு நெடுஞ்சாலையில் நிற்போம். இங்கே இலவசமாக நின்றோம். பொழுது போனதென்னவோ இங்கேதான்.

வேலாயுதம் வீடு ஊரின் கீழத்தெருவில், வாய்க்காலை ஒட்டி இருந்தது. அறுபதைத் தாண்டிய ஆள். தலைக்கு மை, கட்டான தோள். விளையாட்டுக் கோட்டாவில் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று, ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் வாங்கி, இப்போது தன் வயலில் தானே நிற்கிறார். மகள் சென்னையில் வங்கி வேலையில் இருக்கிறாள். தொழில் புத்தி, நான் முதலில் பார்த்தது பல்லைத்தான். மேல்வரிசை புதுக்கட்டு. பேசும்போது உறுத்துகிறது என்று கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அளவெடுத்தவரை எங்கள் மருத்துவர் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்பார்.

“உங்களை ஒரு படம் எடுத்துக்கிறேங்க. கட்டுரையில போடணும்.”

“இந்த மூஞ்சியவா?” என்றார் வேலாயுதம். “இதப் பாத்துட்டு, இந்த ஆளு பாடிப் போயி ஏழு பேர தாண்டி வந்தான்னா எவன் நம்புவான்? அதப் போடுங்க.”

அவர் கைகாட்டிய இடத்தில் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது அதே படம். உள்ளங்கை அளவு, பாதி வெளுத்துப்போனது. கறாரின் விதியை அவருக்கு விளக்கினேன். கபடி விதி தெரிந்தவர் என்பதால் சட்டென்று புரிந்துகொண்டார்.

“அப்ப நான் செத்துட்டா அந்தப் படத்தப் போட்டுக்கலாம்?”

“ஏறக்குறைய அப்படித்தாங்க.”

“கொழம்பு எறக்கியாச்சு,” என்றது உள்ளேயிருந்து அவர் மனைவி செல்வியின் குரல். “சாப்புட்டுட்டு அப்பறம் சாவுங்க.”

புது அரிசிச் சோறும் விரால் மீன் குழம்பும். பத்து வருஷமாக மீன் தலைக் குழம்பில் எங்கள் கிள்ளானை அடிக்க ஆளில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இனிச் சொல்ல மாட்டேன்.

சாப்பிட்டபின் வேலாயுதம் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பேசினார். ஊர்த் திடல் அப்போது பெரிய பண்ணையின் கையில் இருந்தது. கீழத்தெருக்காரர்கள் பண்ணை வயலில் இறங்கலாம், திடலில் இறங்கக் கூடாது. ஒரு பொங்கலுக்கு என்ன தோன்றியதோ, பெரிய பண்ணையே ஆடக் கூப்பிட்டார். எதிர் அணியில் அவருடைய மகன் ரெங்கநாதன். கடைசிப் பாட்டு வேலாயுதத்துடையது. தொட்டுவிட்டுத் திரும்பும்போது ரெங்கநாதன் காலைப் பிடித்துவிட்டார். வேலாயுதம் காலை அவரிடம் விட்டுவிட்டு உடம்பை மட்டும் நடுக்கோட்டுக்கு எறிந்தார்.

“தொட்டுட்டேன். எனக்குத் தெரியும், சுண்ணாம்பு வெரல்ல ஒட்டியிருந்துச்சு. நடுவரு விசில வாயில வெச்சாரு. பெரிய பண்ணை நாற்காலிய விட்டு எழுந்துட்டாரு. விசில் வாயோட நின்னுபோச்சு. ஆட்டம் முடியலன்னு சொல்லி எல்லாரையும் அனுப்பிட்டாங்க.” வேலாயுதம் படத்தின் கண்ணாடியைச் சட்டை முனையால் துடைத்தார். “அதுக்கப்பறம் எங்கெங்கயோ ஆடினேன், கப்பு வாங்கினேன். எம் மகளே கேக்குறா, மொத ஆட்டத்துல ஜெயிச்சீங்களா இல்லையாப்பான்னு. என்ன சொல்றது? சாட்சி இது ஒண்ணுதாங்க. கழகத்துக்காரங்க மலருக்கும் இதத்தான் வாங்கிட்டுப் போனாங்க. இதுல கையும் தெரியல, புழுதிதான் தெரியுது.”

இவ்வளவு நேரமும் இதை ஒரு விதிச் சண்டையாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு வெட்கமாக இருந்தது. எப்படியாவது அந்தப் படத்தையே வாங்கித் தருவது என்று முடிவு செய்தேன்.

படத்தை எடுத்த போட்டோகிராபர் போய்ச் சேர்ந்துவிட்டார். நன்னிலத்தில் அவர் வைத்திருந்த ஸ்டூடியோ இப்போது மகன் குமாரின் ஃப்ளெக்ஸ் கடை. மறுநாள் நான் போனபோது குமார் ஒரு காதுகுத்து பேனருக்கு நடிகர் ஒருவரின் படத்தை இணையத்திலிருந்து இறக்கி, பிள்ளையின் தாய்மாமன் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டிருந்தார்.

“இதுக்கு யார்கிட்டயாவது அனுமதி கேப்பீங்களா?” என்றேன்.

“நெட்ல இருக்கறதெல்லாம் ஃப்ரீதானேங்க.”

“உங்கப்பா எடுத்த கபடிப் படமும் நெட்ல இருந்துச்சே.”

குமார் மவுஸை விட்டுவிட்டுத் திரும்பினார். “அது எப்படிங்க? யாரக் கேட்டுப் போட்டாங்க? எங்கப்பா எடுத்ததாச்சே.”

உலகத்தில் எல்லாருக்கும் காப்புரிமைச் சட்டம் இந்த அளவுக்குத்தான் புரிந்திருக்கிறது. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை.

ஆனால் அப்பாவின் நெகட்டிவ்களை அவர் வருஷவாரியாகத் தகர டப்பாக்களில் வைத்திருந்தார். தேடி எடுத்து ஸ்கேன் செய்து திரையில் பெரிதாக்கினார். கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து வந்தார்கள். மலரிலும் வேலாயுதம் வீட்டுச் சுவரிலும் வெறும் புழுதியாக இருந்த இடத்தில், நெகட்டிவில் ஐந்து விரலும் இருந்தன. நடுவிரல் நுனி சுண்ணாம்புக் கோட்டின்மேல் பதிந்திருந்தது. ரெங்கநாதன் குப்புறக் கிடந்தார், வாய் நிறைய மண். பின்னால் பெரிய பண்ணை நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றார்.

“இதைக் கட்டற்ற உரிமத்துல விடறதா ஒரு மெயில் அனுப்புங்க, போதும்” என்றேன்.

குமார் தலையைச் சொறிந்தார். “வம்புங்க. அப்பாவ ஆளனுப்பிக் கூப்பிட்டதே பெரிய பண்ணைதான். மகன் ஜெயிக்கறத எடுக்கணும்னு முன்பணமே குடுத்துட்டாங்க. இந்தப் படத்தப் பாத்துட்டு, பிரிண்டே வேணாம்னுட்டாங்களாம். வேலாயுதம் அண்ணனுக்கு அப்பா ரகசியமாத்தான் ஒண்ணு போட்டுக் குடுத்தாரு. நாளைக்கி அவங்க வந்து, எங்க படத்த நீ யார்றா குடுக்கறதுன்னு கேட்டா?”

அங்கேயே நின்று கறாருக்குச் செய்தி அனுப்பினேன். ஆள் எப்போது தூங்குவாரோ, உடனே பதில் வந்தது. குமாரின் பயம் நியாயமானதுதானாம். இந்தியச் சட்டப்படி, ஒருவர் கூலி கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சேரும். அவருக்குப் பிறகு வாரிசுக்கு. கடைசியில் ‘வாழ்த்துகள்’ என்று வேறு போட்டிருந்தார்.

ஆக, வேலாயுதம் ஜெயித்த படத்தின் சொந்தக்காரர், அதில் வாயில் மண்ணோடு கிடக்கும் ரெங்கநாதன்.

மேலத்தெருப் பெரிய வீட்டில் ரெங்கநாதன் தனியாக இருந்தார். நிலம் முழுவதும் குத்தகைக்குப் போய்விட்டது, மகன் ஆஸ்திரேலியாவில். மரியாதையான மனிதர். நல்ல பற்கள், எல்லாம் சொந்தம். காபி கொடுத்தார்.

“மலேசியாவா? அந்தக் காலத்துல எங்க பக்கத்துலேருந்துதான் நெறைய பேரு அங்க போனாங்க.”

“ஆமாங்க. யார்கிட்டேருந்து தப்பிச்சு வந்தாங்கன்னு எங்க தாத்தா சொல்லியிருக்காரு.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆளைப் பிடித்துப்போயிற்று, அதுதான் எனக்கு எரிச்சல். வேலாயுதத்தின் பெயரைச் சொன்னதும் “அவனா? நல்லாருக்கானா?” என்றார். இருவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். ஆனால் வெளிநாட்டில் இருக்கிறவரை விசாரிப்பது போலக் கேட்டார்.

கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். அவர் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. அப்பா வீட்டுக்குள் வரவிடவில்லையாம். முதலில் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், பிறகு இரண்டு விரலால் பெரிதாக்கினார். தன்னைப் பார்க்கவில்லை, கோட்டைத்தான் பார்த்தார். வேலாயுதத்தின் விரல் கோட்டைத் தொட்ட இடத்தை இன்னொரு தரம் பெரிதாக்கினார்.

“நான் என்ன செய்யணும்?”

சொன்னேன். உரிமையாளர் என்ற முறையில் கட்டற்ற உரிமத்தில் விட வேண்டும். யாரும், எங்கும், எதற்கும் பயன்படுத்தலாம்.

“உங்களுக்குன்னா எடுத்துக்கங்க, தாராளமா.”

“எனக்கு மட்டும்னா அங்க ஏத்துக்க மாட்டாங்க. ஊருக்கே குடுக்கணும்.”

“புறம்போக்கு ஆக்கச் சொல்றீங்க.”

“இல்லீங்க. பட்டா உங்க பேர்லதான் இருக்கும். ஊர் நடந்து போக வழி விடறீங்க, அவ்வளவுதான்.”

அவருக்கு இது பிடித்திருந்தது. ஆனாலும் நிலத்துக்காரர், வரப்பின் நான்கு பக்கமும் நடந்து பார்க்காமல் விடமாட்டார். “காலண்டர்ல போட்டு விக்கலாமா?”

“விக்கலாம்.”

“ஃப்ளெக்ஸ்ல?”

“போடலாம்.”

“என் தலைய எடுத்துட்டுக் கழுதத் தலைய வெச்சு வாட்ஸப்ல விடலாமா?”

“விடலாங்க. ஆனா எடுத்தவர் பேரை மறக்காமப் போடணும்.”

அவர் இப்போது சிரிக்கவில்லை. கைப்பேசியைத் திருப்பித் தந்தார். “எங்கப்பா பேருக்கு ஆகாதும்மா. அவர் பின்னாடி எப்படி நிக்கறாரு, பாருங்க. எழுபது வயசுல நான் ஏன் அதைப் போயி ஊருக்குக் காட்டணும்? மன்னிச்சுக்கங்க.” படத்தையும், எப்படி எழுதி அனுப்ப வேண்டும் என்ற மாதிரி வாசகத்தையும் அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு எழுந்தேன். அது மருத்துவமனைப் பழக்கம். பல்லைப் பிடுங்கவே மாட்டேன் என்று ஓடுகிறவரிடமும் அடுத்த தேதி எழுதிய சீட்டைக் கொடுத்துத்தான் அனுப்புவோம்.

மறுநாள் காலை மனசு சரியில்லாமல் தாராசுரம் கோயிலுக்குப் போனேன். கல்லில் சக்கரம், கல்லில் குதிரை, தூணுக்குத் தூண் கதை. செதுக்கியவர் யாரென்று தெரியாது, உரிமை கேட்டு வாரிசும் வரப்போவதில்லை. ஆத்திரம் தீர எடுத்துத் தள்ளினேன். பக்கத்தில் ஒரு தம்பதி மலாய் மொழியில் முணுமுணுத்துக்கொண்டது காதில் விழுந்தது. “எத்தனை படம்தான் எடுப்பீர்கள்? வீட்டில் யாரும் பார்க்கப் போவதில்லை” என்றாள் மனைவி. “யாரும் பார்க்காவிட்டாலும் நாம் வந்தோம் என்பதற்கு ஒன்று இருக்க வேண்டாமா?” என்றார் கணவர். நானும் அவர்கள் ஊர்தான் என்று காட்டிக்கொள்ளாமல் நழுவினேன்.

மத்தியானம் தோல்வியைச் சொல்ல வேலாயுதம் வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் இறங்குவதற்குள் நல்லபடியாகச் சொல்லும் விதம் ஒன்றைத் தயார் செய்திருந்தேன், அவரைப் பார்த்ததும் மறந்துவிட்டது. சும்மா சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார்.

“அவங்க சொத்து, அவங்க விருப்பம்” என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து பல்லை எடுத்து மாட்டிக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டுச் சுவரோரமாக நிமிர்ந்து நின்றார். “எடுங்க. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, வெறுங்கையோட போவக்கூடாது.”

செல்வி ஈரக்கையோடு வந்து அவர் தலையைக் கோதிச் சரிசெய்துவிட்டுப் போனார். எடுக்கவே எனக்கு மனசில்லை. கைப்பேசியை உயர்த்தினேன். திரையில் அவர் முகத்தின்மேல் ஒரு மெயில் வந்து விழுந்தது.

அனுப்பியவர் ரெங்கநாதன். கலைக்களஞ்சியத்தில் அனுமதி மெயில்களைப் பார்க்கும் தன்னார்வலர்களுக்கு அனுப்பியிருந்தார், எனக்கும் ஒரு நகல். மாதிரி வாசகம் அப்படியே இருந்தது: நான் இந்தப் படத்தின் உரிமையாளர், யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம், திரும்பப் பெற முடியாது என்பதை அறிவேன். படத்தில் இருப்பது என்ன என்று கேட்டிருந்த இடத்தில் மட்டும் அவரே எழுதியிருந்தார். ஒற்றை விரலால் தட்டியிருக்க வேண்டும், பிழை நிறைய.

“என்னங்க ஆச்சு?” என்றார் வேலாயுதம், நின்ற இடத்தைவிட்டு நகராமல்.

படித்துக் காட்டினேன். “பாய்ந்து கோட்டைத் தொட்டிருப்பவர் திரு. வேலாயுதம். அவர் ஜெயித்துவிட்டார். காலைப் பிடித்துக்கொண்டு கீழே கிடப்பது நான்.”

வாய்க்கால் பக்கம் அறுவடை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வேலாயுதம் மெதுவாகச் சுவரில் சாய்ந்தார்.

“திருன்னா போட்டிருக்காரு?”

“ஆமாங்க.”

“நீங்க போடச் சொன்னீங்களா?”

“நான் சொல்லலீங்க. அவராத்தான் போட்டிருக்காரு.”

இன்னொரு தரம் படிக்கச் சொன்னார், படித்தேன். செல்வி அடுப்படி வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். வேலாயுதம் சுவரை விட்டு நிமிர்ந்தார்.

“கீழ கெடந்தாருன்னு மட்டும் போடாதீங்க. அது நல்ல பிடி. மாநில அணிக்கு ஆடினப்பகூட எவனும் என்னை அப்படிப் பிடிச்சதில்ல. அதையும் சேத்து எழுதுங்க.”

எழுதலாம், ஆனால் அதற்கும் சான்று கேட்பார்கள் என்றேன்.

“அதான் படம் இருக்குல்ல” என்றார்.